கிரெடிட் சிஸ்டத்துல உங்க மார்க் எப்படி சிஜிபிஏ ஆகுது: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ரிசல்ட் வந்த ராத்திரி எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி இந்த ஒரே கேள்விதான், "அண்ணா, மேத்ஸ்ல அரியர், ஆனா ஜிபிஏ 8.5 வருது, இது எப்படி?" (அரியர்னா ஃபெயில் ஆகி திரும்ப எழுத வேண்டிய பாடம், ஜிபிஏ-ன்னா ஒரு செமஸ்டரோட கிரேடு சராசரி, சிஜிபிஏ-ன்னா இதுவரைக்கும் முடிஞ்ச எல்லா செமஸ்டரும் சேர்ந்தது.) அதுக்கு ஒரு வரில பதில் சொல்லிடலாம், ஆனா சொன்னா புரியாது. ஏன்னா கிரெடிட்னா என்ன, கிரேடு எப்படி விழுது, எதை எதால வகுக்கணும்னு வரிசையா தெரிஞ்சாதான் அந்த 8.5 எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியும். நாலஞ்சு வருஷமா ஜூனியர்ஸ் கூட உக்காந்து பேப்பர்ல கணக்கு போட்டுக் கொடுத்துட்டு இருக்கேன், எல்லாரும் தடுக்கி விழுற இடம் கிட்டத்தட்ட ஒண்ணேதான். அந்த இடங்களை எல்லாம் வரிசைப்படி எழுதியிருக்கேன். ரெகுலேஷன்னா யுனிவர்சிட்டி போடுற பாட, தேர்வு விதித் தொகுப்பு. நான் எடுத்துக்கிட்டது ரெகுலேஷன் 2021-ல படிக்கிற பி.இ., பி.டெக். பசங்களோட கணக்கு. வேற யுனிவர்சிட்டியா இருந்தாலும் படிகளோட வரிசை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியவை

உங்க ரெகுலேஷன் பிடிஎஃப், உங்க டிபார்ட்மென்ட் கரிக்குலம் பிடிஎஃப், இதுவரைக்கும் வந்த எல்லா செமஸ்டர் ரிசல்ட்டும், ஒரு நோட்டு. ஆப் வேணாம். ஆப்ல போட்டா நம்பர் வரும், ஆனா அந்த ஆப் எந்த ரெகுலேஷனுக்கு எழுதினதுன்னு பார்க்காம போட்டுட்டு அதை ரெஸ்யூம்ல வேற ஏத்திடுறாங்க, அப்புறம் இன்டர்வியூல மார்க்‌ஷீட் கேக்கும்போது ரெண்டும் ஒத்துப்போகாம முழிக்கிறாங்க. ஒரு தடவை கையால போட்டுப் பாருங்க, அதுக்கப்புறம் ஆப் யூஸ் பண்ணுங்க.

1. முதல்ல உங்க ரெகுலேஷன் எதுன்னு உறுதி பண்ணுங்க

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க. நீங்க சேர்ந்த வருஷத்தை வச்சுதான் ரெகுலேஷன். சீனியர் அண்ணன் 2017 ரெகுலேஷன்ல படிச்சிருந்தா அவர் சொல்ற கணக்கு உங்களுக்கு செல்லாது. அவங்களுக்கு தியரி பாடத்துல இன்டர்னல் (செமஸ்டர் நடுவுல காலேஜ் போடுற மார்க்) 20, செமஸ்டர் எக்ஸாம் 80. உங்களுக்கு இன்டர்னல் 40, எக்ஸாம் 60. இந்த ஒரு வித்தியாசத்துலயே பாஸ் ஆகறதுக்கான கணக்கு மொத்தமா மாறிடுது.

அட்டானமஸ் காலேஜ்ல படிக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். டிகிரி அண்ணா பல்கலைக்கழகம் கொடுத்தாலும் ரெகுலேஷன் உங்க காலேஜ் எழுதினது. இன்டர்னல் பங்கு, கிரேடு ரேஞ்ச், அரியர் விதி எல்லாமே வேறயா இருக்கலாம், அதனால காலேஜ் வெப்சைட்ல இருக்கிற பிடிஎஃப்பை மட்டும் எடுங்க.

2. ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் எழுதி வைங்க

கரிக்குலத்துல பாடத்தோட பேருக்குப் பக்கத்துல எல், டி, பி, சி-ன்னு நாலு நெடுவரிசை இருக்கும். எல்-னா வாரத்துக்கு எத்தனை லெக்சர் பீரியட், டி-னா டியூட்டோரியல், பி-னா பிராக்டிகல், கடைசி சி தான் கிரெடிட். ஒரு லெக்சர் பீரியடுக்கு 1 கிரெடிட், ஒரு டியூட்டோரியலுக்கு 1, ரெண்டு பிராக்டிகல் பீரியட் சேர்ந்தாதான் 1. அதனாலதான் வாரத்துக்கு நாலு பீரியட் நிக்க வைக்கிற லேபுக்கு 2 கிரெடிட் மட்டும் வருது.

கிரெடிட்னா அந்தப் பாடத்தோட எடை, அவ்ளோதான். 4 கிரெடிட் பாடத்துல எடுத்த கிரேடு உங்க ஜிபிஏவை 1 கிரெடிட் பாடத்தை விட நாலு மடங்கு இழுக்கும், மேலயும் இழுக்கும் கீழயும் இழுக்கும்.

முதல் செமஸ்டரையே எடுத்துக்கலாம். புரொஃபஷனல் இங்கிலீஷ் 3, மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் 4, இன்ஜினியரிங் பிசிக்ஸ் 3, கெமிஸ்ட்ரி 3, பைத்தான் 3, தமிழர் மரபு 1, பைத்தான் லேப் 2, பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி லேப் 2, இங்கிலீஷ் லேப் 1. மொத்தம் 22. இந்த 22-ஐ நோட்டுல முதல் வரியா எழுதுங்க, கீழ எல்லாக் கணக்கும் இதை வச்சுதான்.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். ரெண்டாவது செமஸ்டர்ல வர்ற இன்ஜினியரிங் கிராபிக்ஸ் 4 கிரெடிட். வரையறதுதானேன்னு டிராஃப்டரை கடைசி வாரம் வரைக்கும் எடுக்காம இருந்து அதுல பி கிரேடோ அரியரோ வாங்கிட்டு ரெண்டு வருஷம் சிஜிபிஏவைத் தூக்க முடியாம கஷ்டப்பட்டவங்களை நிறைய பார்த்திருக்கேன். கிரெடிட் எவ்ளோன்னு செமஸ்டர் ஆரம்பத்துலயே பாருங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுக்குத்தான், ரிசல்ட் வந்தப்புறம் பார்த்து ஒண்ணும் பண்ண முடியாது.

3. இன்டர்னல் எப்படி சேருதுன்னு கணக்கு வைங்க

தியரி பாடத்துக்கு ரெண்டு அசெஸ்மென்ட். ஒவ்வொண்ணும் 100. அந்த 100-ல எழுதுற டெஸ்டுக்கு 60, அசைன்மென்ட், செமினார், கேஸ் ஸ்டடி, மினி புராஜெக்ட் மாதிரி விஷயங்களுக்கு 40. ரெண்டும் சேர்ந்து 200, அதை 40-க்கு சுருக்குவாங்க.

அதாவது அசைன்மென்ட் பகுதி மட்டும் 200-ல 80. இன்டர்னல்ல அது 40-க்கு 16 மார்க். டெஸ்டுக்கு விடிய விடிய படிக்கிற பசங்க அசைன்மென்ட்டை கடைசி நாள்ல எவனோடதையோ பார்த்து எழுதி கொடுத்துட்டு வந்துடுறாங்க. 16 மார்க்கை சும்மா விட்டுட்டு, அதே 16-ஐ செமஸ்டர் எக்ஸாம்ல எடுக்கணும்னா, எக்ஸாமை 100-க்கு எழுதி 60-க்கு சுருக்குறதால, 100-க்கு கிட்டத்தட்ட 27 மார்க் எக்ஸ்ட்ரா எழுதணும். எது ஈசி?

லேப்ல இது தலைகீழ். இன்டர்னல் 60, எக்ஸாம் 40. அப்சர்வேஷன், ரெகார்டு ஒவ்வொரு வாரமும் கையெழுத்து வாங்கறது அங்க பாதிக்கு மேல தீர்மானிச்சிடும். தியரியும் லேபும் சேர்ந்து ஒரே பாடமா வர்றதுல 50-50.

இன்டர்னல் மார்க் போர்ட்டல்ல ஏத்தறதுக்கு முன்னாடி காலேஜ்ல உங்ககிட்ட கையெழுத்து வாங்குவாங்க. அந்த பேப்பரைப் படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. என் கூட படிச்ச ஒரு பையனுக்கு 34 போட வேண்டியது 24-ன்னு ஏறிடுச்சு, அவன் பார்க்காம சைன் பண்ணிட்டான், ரிசல்ட் வந்தப்புறம் எத்தனை தடவை நடந்தும் மாத்த முடியல. ஏறறதுக்கு முன்னாடின்னா ஸ்டாஃப்கிட்ட சொல்லி அஞ்சு நிமிஷத்துல திருத்தியிருக்கலாம். அதனால ஒவ்வொரு டெஸ்ட் மார்க்கையும் நீங்களே எழுதி வச்சு, கூட்டி, 5-ஆல வகுத்துப் பாருங்க.

4. அட்டெண்டன்ஸ் முடிஞ்சாதான் மத்ததெல்லாம்

75 சதவீதம் வேணும். 65-ல இருந்து 75-க்குள்ள இருந்தா உடம்பு சரியில்லாமப் போனது, போட்டிகளுக்குப் போனது மாதிரி காரணத்துக்கு உரிய சர்டிபிகேட் கொடுத்து கான்டொனேஷன் (குறைஞ்ச வருகையை மன்னிச்சு எக்ஸாம் எழுத விடறது) கேக்கலாம். 65-க்கு கீழ போயிட்டா எக்ஸாம் எழுத விடமாட்டாங்க, அந்த செமஸ்டரையே திரும்ப படிக்கணும்.

மெடிக்கல் சர்டிபிகேட்டை லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கே கிளாஸ் அட்வைசர்கிட்ட கொடுங்க. செமஸ்டர் கடைசில மொத்தமா கொண்டு போனா நம்ப மாட்டாங்க, நியாயமான காரணமா இருந்தாலும் அலைய விடுவாங்க.

5. பாஸ் ஆக ரெண்டு கோடு இருக்கு, ஒண்ணு இல்ல

அதிகமா அழுகை வர்ற இடம் இதுதான். மொத்தத்துல 50 எடுக்கணும், அது எல்லாருக்கும் தெரியும். கூடவே செமஸ்டர் எக்ஸாம்ல மட்டும் தனியா 45 சதவீதம் எடுக்கணும். ரெண்டுல ஒண்ணு விட்டாலும் யு கிரேடு, அதாவது அரியர், நம்ம பாஷைல கப்பு.

இன்டர்னல் 40-க்கு 36 வாங்கின பொண்ணு, எக்ஸாம்ல 100-க்கு 44 எடுத்தா. 44-ஐ 60-க்கு மாத்தினா 26.4, மொத்தம் 62.4. ஆனா ஃபெயில். வீட்ல யாருக்கும் புரியல, 62 எடுத்தவ எப்படி ஃபெயில்னு அவங்க அப்பா எனக்கே போன் பண்ணி கேட்டார். எக்ஸாம்ல ஒரே ஒரு மார்க் கம்மி, அதுதான் காரணம்.

இப்ப உங்க இன்டர்னலை வச்சு எக்ஸாம்ல குறைஞ்சது எவ்ளோ வேணும்னு பாருங்க. இன்டர்னல் 23 இல்ல அதுக்கு மேலன்னா 45 போதும், ஏன்னா 45-ங்கறது 60-க்கு 27, 23-ம் 27-ம் சேர்ந்தா 50. இன்டர்னல் 20-னா 50 வேணும். 15-னா 59. 10-னா 67. இன்டர்னல்ல 1 மார்க் குறைஞ்சா எக்ஸாம்ல ஒண்ணரை மார்க்குக்கு மேல கூட எடுக்கணும்னு மனசுல வச்சுக்கங்க.

அரியர் எழுதும்போது பழைய இன்டர்னல் கூடவே வரும், அதை உயர்த்த இன்னொரு டெஸ்ட் வைக்க மாட்டாங்க. முதல் தடவை இன்டர்னலை விட்டவங்களுக்கு ரெண்டாவது தடவையும் அதே பாரம்தான். பல அட்டெம்ப்ட் ஆனப்புறம் இன்டர்னலை எப்படி எடுத்துப்பாங்கன்னு ரெகுலேஷன்ல தனி விதியே இருக்கு, ரெண்டு தடவைக்கு மேல ஒரே பேப்பரை எழுதறவங்க அந்தப் பகுதியைக் கண்டிப்பா படிச்சுட்டு ஃபீஸ் கட்டுங்க.

6. மார்க்கை கிரேடாவும் கிரேடை பாயின்ட்டாவும் மாத்துங்க

ஓ-ன்னா 10 பாயின்ட். ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. யு-ன்னா 0. ரேஞ்ச் வச்சு போடும்போது 91-ல இருந்து 100 ஓ, 81-90 ஏ பிளஸ், 71-80 ஏ, 61-70 பி பிளஸ், 56-60 பி, 50-55 சி.

இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, 71 எடுத்தவனும் 80 எடுத்தவனும் ஒரே 8 பாயின்ட். 70 எடுத்தவன் 7. அந்த ஒரு மார்க்ல ஒரு முழு பாயின்ட் போகுது, ஆனா 72-க்கும் 79-க்கும் நடுவுல ஒண்ணுமே மாறாது. அதனால உங்க மார்க் எல்லைக்குப் பக்கத்துல இருக்கான்னு பார்க்கறதுதான் முக்கியம். ரெண்டாவது, 2021 ரெகுலேஷன்ல ரிலேட்டிவ் கிரேடிங்கும் இருக்கு. பாஸ் ஆனவங்களோட மார்க்கை மட்டும் எடுத்து, எல்லாரும் எப்படி எழுதியிருக்காங்கன்னு பார்த்து எல்லையை வகுக்கற முறை. அந்த முறைல போட்ட பாடத்துல உங்க மார்க்கும் கிரேடும் மேல சொன்ன ரேஞ்சுக்கு சரியா பொருந்தலைன்னா உடனே தப்புன்னு முடிவு பண்ணிடாதீங்க. கணக்குக்கு எப்பவும் ரிசல்ட்ல வந்த கிரேடை மட்டும் எடுங்க, நீங்களா மார்க்ல இருந்து ஊகிக்காதீங்க.

7. ஜிபிஏ: பெருக்கு, கூட்டு, வகு

ஒவ்வொரு பாடத்துலயும் கிரெடிட்டையும் கிரேடு பாயின்ட்டையும் பெருக்குங்க. எல்லாத்தையும் கூட்டுங்க. மொத்த கிரெடிட்டால வகுங்க. ரெண்டு தசமம் போதும்.

ஒரு பையனோட முதல் செமஸ்டர் இப்படி வச்சுக்கலாம்.

இங்கிலீஷ் 3 கிரெடிட், ஏ: 3 × 8 = 24
மேத்ஸ் 4, பி: 4 × 6 = 24
பிசிக்ஸ் 3, பி பிளஸ்: 3 × 7 = 21
கெமிஸ்ட்ரி 3, பி பிளஸ்: 3 × 7 = 21
பைத்தான் 3, ஏ பிளஸ்: 3 × 9 = 27
தமிழர் மரபு 1, ஓ: 10
பைத்தான் லேப் 2, ஓ: 20
பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி லேப் 2, ஓ: 20
இங்கிலீஷ் லேப் 1, ஓ: 10

கூட்டினா 177. 177-ஐ 22-ஆல வகுத்தா 8.05. இதுதான் ஜிபிஏ.

புதுசா போடுறவங்க பண்ற தப்பு என்னன்னா கிரெடிட்டை மறந்துட்டு பாயின்ட்டை மட்டும் கூட்டி 9 பாடத்தால வகுத்துடுவாங்க. அப்ப 77-ஐ 9-ஆல வகுத்து 8.56 வரும். அரை பாயின்ட் பொய்யான சந்தோஷம். லேப்ல எல்லாம் ஓ வாங்கியிருக்கான், ஆனா லேபுக்கு எடை கம்மி. மேத்ஸ்ல பி, அதுக்கு எடை ஜாஸ்தி. நிஜ ஜிபிஏ கீழ இறங்குறது அதனாலதான்.

இதையே திருப்பிப் போட்டா அடுத்த செமஸ்டர் எங்க உழைக்கணும்னு தெரியும். இந்த 22 கிரெடிட்ல மேத்ஸை ஒரு கிரேடு ஏத்தினா ஜிபிஏ 0.18 ஏறும். இங்கிலீஷ் லேப்ல ஒரு கிரேடு இறங்கினாலும் 0.05 கூட குறையாது.

8. அரியர் இருந்தா ஜிபிஏ ஏன் ஏறின மாதிரி தெரியுது

இப்ப முதல்ல கேட்ட கேள்விக்கு வருவோம். அதே பையன் மேத்ஸ்ல மட்டும் யு வாங்கிட்டான். அண்ணா பல்கலைக்கழக முறைல யு வந்த பாடத்தை ஜிபிஏ கணக்குல சேர்க்க மாட்டாங்க, பாயின்ட்டும் வராது, கிரெடிட்டும் வராது. 177-ல மேத்ஸோட 24 போச்சு, 153. கிரெடிட் 22-ல 4 போச்சு, 18. 153-ஐ 18-ஆல வகுத்தா 8.50.

பாஸ் ஆனப்ப 8.05, ஃபெயில் ஆனப்ப 8.50. கணக்குல தப்பு எதுவும் இல்ல. அவன் குறைஞ்ச மார்க் எடுத்த பாடத்தையே வெளிய எடுத்து வச்சுட்டதால மிச்சம் பார்க்க அழகா இருக்கு, அவ்ளோதான். அடுத்த தடவை அந்த மேத்ஸை சி-ல கிளியர் பண்ணினா 20 பாயின்ட் சேரும், 173-ஐ 22-ஆல வகுத்தா 7.86. அரியர் கிளியர் பண்ணதுக்கு சிஜிபிஏ குறையுதேன்னு பயந்து போய் கேக்கறவங்க இருக்காங்க. குறையல, அந்த 8.50 முழு கணக்கே இல்ல.

அதனால அரியர் இருக்கிற வரைக்கும் உங்க நோட்டுல ரெண்டு வரி எழுதுங்க. மேல போர்ட்டல் காட்டுற நம்பர், கீழ "அரியரை சி-ல கிளியர் பண்ணா" நம்பர். பிளேஸ்மென்ட் கட்-ஆஃப், ஸ்காலர்ஷிப் எதுக்கு யோசிச்சாலும் கீழ வரியை வச்சு யோசிங்க.

எல்லா யுனிவர்சிட்டியும் இப்படி இல்ல. சில இடங்கள்ல ஃபெயில் ஆன பாடத்துக்கு 0 போட்டு கிரெடிட்டை மட்டும் கீழ வச்சுடுவாங்க. அப்படின்னா இதே பையனுக்கு 153-ஐ 22-ஆல வகுத்து 6.95. ஒரே மார்க், ஒரே பாடம், 8.50-ம் 6.95-ம். வேற யுனிவர்சிட்டில படிக்கிற ஃப்ரெண்டோட உங்க நம்பரை நேரா வச்சு ஒப்பிட்டு மனசு கஷ்டப்படாதீங்கன்னு சொல்றது அதுக்குத்தான்.

9. சிஜிபிஏ: ஜிபிஏக்களோட சராசரி எடுக்காதீங்க

ஜிபிஏ ஒரு செமஸ்டருக்கு, சிஜிபிஏ முதல் செமஸ்டர்ல இருந்து இன்னைக்கு வரைக்கும். எல்லா செமஸ்டர் பாயின்ட்டையும் கூட்டி, எல்லா கிரெடிட்டாலயும் வகுக்கணும்.

முதல் செம்ல 177 பாயின்ட், 22 கிரெடிட். ரெண்டாவது செம்ல 26 கிரெடிட், ஜிபிஏ 7.00-னா 182 பாயின்ட். மொத்தம் 359, கிரெடிட் 48. சிஜிபிஏ 7.48. ஆனா 8.05-ஐயும் 7.00-ஐயும் கூட்டி ரெண்டால வகுத்தா 7.53 வரும். கம்பெனி கட்-ஆஃப் 7.5-னு வைங்க, ஒரு கணக்குல உள்ள இருக்கீங்க, நிஜத்துல வெளிய. ஃபார்ம்ல 7.53-னு போட்டு அனுப்பி, வெரிஃபிகேஷன்ல மாட்டி, பொய் சொன்ன மாதிரி ஆகிடும். பொய் சொல்லணும்னு யாரும் போடறது இல்ல, கணக்குல பண்ற பிழைதான், ஆனா எதிர்ல உக்காந்திருக்கிறவருக்கு அது தெரியாது.

இன்னொரு கணக்கும் இப்பவே போட்டுக்கங்க. நாலு செமஸ்டர் முடிஞ்சு 90 கிரெடிட், சிஜிபிஏ 7.2. மொத்தம் 160 கிரெடிட்னு வச்சா மிச்சம் 70. கடைசில 8 வேணும்னா மொத்தம் 1280 பாயின்ட், கையில 648, மிச்சம் 632. 70-ஆல வகுத்தா 9.03. அதாவது இனிமே வர்ற எல்லாத்துலயும் சராசரியா ஏ பிளஸ். 7.5 போதும்னா 552 பாயின்ட், 7.89. முதல் கணக்கு ரொம்ப கஷ்டம், ரெண்டாவது முடியும். கடைசி வருஷம் பார்த்துக்கலாம்னு சொல்றவங்களுக்கு நான் இந்த கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன், கடைசி வருஷம் வரும்போது அந்தப் பெரிய கீழ் எண்ணை நகர்த்தறதுக்கு கையில கிரெடிட்டே இருக்காது.

10. ரிசல்ட் வந்த ஒரு வாரம்: போட்டோகாபி முதல்ல, ரீவேல்யூவேஷன் அப்புறம்

வரிசை மாறக்கூடாது. முதல்ல விடைத்தாளோட போட்டோகாபிக்கு காலேஜ் வழியா அப்ளை பண்ணணும். போட்டோகாபி வாங்கினவங்கதான் ரீவேல்யூவேஷனுக்குப் போக முடியும். ரெண்டுக்கும் தனித்தனி கடைசி தேதி, நாள் ரொம்ப கம்மி. காலேஜ் எக்ஸாம் செல் வைக்கிற தேதி யுனிவர்சிட்டி தேதிக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே இருக்கும், அதைத்தான் நோட் பண்ணணும்.

போட்டோகாபி வந்ததும் மார்க் கம்மின்னு மேலோட்டமா பார்த்துட்டு விடாதீங்க. கேள்வித்தாள் பக்கத்துல வச்சு பாருங்க: பத்து ரெண்டு மார்க், அஞ்சு பதிமூணு மார்க், ஒரு பதினஞ்சு மார்க். ஒவ்வொரு பதிலுக்கும் மார்க் விழுந்திருக்கா, முன் பக்கக் கட்டத்துல ஏறியிருக்கா, கூட்டல் சரியான்னு முதல்ல பாருங்க. அதுக்கப்புறம் அந்தப் பாடம் எடுத்த ஸ்டாஃப்கிட்ட கொடுத்து, அவங்க எவ்ளோ போடுவாங்கன்னு கேளுங்க. உங்க ஃப்ரெண்ட்கிட்ட கேக்காதீங்க, அவனும் உங்களை மாதிரிதான், பாசத்துல பத்து மார்க் கூட போடுவான்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி இந்தக் கேள்வி: எவ்ளோ மார்க் ஏறினா என் கிரேடு மாறும்? எக்ஸாம்ல 5 மார்க் ஏறினா மொத்தத்துல 3 தான் ஏறும், ஏன்னா 60-க்கு சுருக்குறாங்க. எக்ஸாம்ல 43-ல இருக்கிறவனுக்கு ரெண்டு மார்க் வாழ்க்கை, கண்டிப்பா போடணும். மொத்தம் 74-ல ஏ வாங்கினவன் ஏ பிளஸுக்கு ரேஞ்சுப்படி 7 ஏத்தணும், அதுக்கு எக்ஸாம்ல 12 மார்க் ஏறணும், ஸ்டாஃப் அவ்ளோ இருக்குன்னு சொன்னா மட்டும் போடுங்க.

11. கிளாஸ் எப்படி தீர்மானிக்கிறாங்க

சிஜிபிஏ 8.50-ம் அதுக்கு மேலயும் இருந்து, எல்லாப் பாடத்தையும் முதல் தடவையிலயே பாஸ் பண்ணியிருந்தாதான் டிஸ்டிங்ஷனோட ஃபர்ஸ்ட் கிளாஸ். 9.2 வச்சிருந்தாலும் நடுவுல ஒரு அரியர் வந்திருந்தா டிஸ்டிங்ஷன் இல்ல. 6.50 இருந்தா ஃபர்ஸ்ட் கிளாஸ், அதுக்கும் எத்தனை வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு வரம்பு உண்டு.

இதுல தெரியாம விழுறவங்க யாருன்னா, காய்ச்சல்னு எக்ஸாமுக்கு போகாம விட்டவங்க. எழுதலையே, அப்ப அட்டெம்ப்ட் கணக்குல வராதுன்னு நினைக்கிறாங்க. வரும். ரிஜிஸ்டர் பண்ணிட்டு வராம இருந்தா எழுதின மாதிரிதான் எடுத்துப்பாங்க. அதுக்குத்தான் வித்ட்ராயல்னு ஒரு வழி இருக்கு, உரிய காரணத்தோட முன்கூட்டியே அப்ளை பண்ணி அனுமதி வாங்கினா அது அட்டெம்ப்டா ஆகாது. டிகிரி முழுக்க ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். டெங்குன்னு ஆஸ்பத்திரில சேர்த்த உடனே வீட்ல இருக்கிறவங்க யாராவது ஹெச்ஓடிக்கு போன் பண்ணி இதைக் கேக்கணும், குணமாகி வந்து கேட்டா நேரம் போயிடும்.

12. என்பிடெல் கிரெடிட், ஏபிசி ஐடி

என்பிடெல் (ஐஐடிக்கள் சேர்ந்து நடத்துற ஆன்லைன் கோர்ஸ் தளம்) மாதிரி இடத்துல ஆன்லைன் கோர்ஸ் பண்ணி கிரெடிட் மாத்திக்கலாம், ஆனா கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி டிபார்ட்மென்ட் அனுமதி வாங்குங்க. படிச்சு முடிச்சு சர்டிபிகேட்டோட வந்தப்புறம் "இது நம்ம எலெக்டிவ் லிஸ்ட்ல இல்ல"ன்னு சொன்னா 12 வாரம் வீண். என்பிடெல்ல அசைன்மென்ட்டுக்கு 25, நேர்ல எழுதுற எக்ஸாமுக்கு 75. அசைன்மென்ட்ல 10-ம் எக்ஸாம்ல 30-ம் தனித்தனியா எடுத்தாதான் சர்டிபிகேட். இங்கயும் ரெண்டு கோடு, பாத்தீங்களா.

அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ், ஏபிசி-ன்னு சொல்றது, 2021-ல யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டு வந்தது. நீங்க எடுத்த கிரெடிட்டை பேங்க் கணக்கு மாதிரி சேர்த்து வைக்கிற இடம், அதிகபட்சம் 7 வருஷம் வரைக்கும் செல்லும். டிஜிலாக்கர்ல ஐடி எடுக்கலாம். ஆதார்ல இருக்கிற பேரும் காலேஜ் ரெகார்டுல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும். நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடியா பின்னாடியா, விரிச்சு எழுதினதா சுருக்கினதான்னு ஆயிரம் குழப்பம். முதல் வருஷத்துலயே சரி பண்ணிடுங்க, ஃபைனல் இயர்ல அலையறதை விட அது ரொம்ப சுலபம்.

13. பர்சன்டேஜ் கேட்டா என்ன போடறது

அண்ணா பல்கலைக்கழகத்துக்கு சிஜிபிஏவை 10-ஆல பெருக்கறதுதான் வழக்கம், 6.5-னா 65 சதவீதம். ஆனா ஏஐசிடிஇ-யோட (தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கிற மத்திய அமைப்பு) ஆசிரியர் நியமன விதில இருக்கிற அட்டவணைப்படி 6.75-க்குத்தான் 60 சதவீதம், 8.25-க்கு 75. அதாவது 0.75-ஐக் கழிச்சுட்டு 10-ஆல பெருக்கற கணக்கு, அதுல 6.5-னா 57.5 தான். ஒரே ஆள், 65-ம் 57.5-ம். எந்த ஃபார்ம்ல எந்த விதி கேக்கறாங்கன்னு படிங்க. "உங்க யுனிவர்சிட்டி ஃபார்முலாப்படி"ன்னு சொன்னா யுனிவர்சிட்டி கொடுத்த ஃபார்முலா இருக்கிற பக்கத்தையும் சேர்த்து அட்டாச் பண்ணுங்க. ஃபார்ம்ல சிஜிபிஏன்னு கேட்டா சிஜிபிஏவையே போடுங்க, நீங்களா மாத்தாதீங்க.

ஜெர்மனிக்கு அப்ளை பண்றவங்களுக்கு தனியா ஒரு கணக்கு. அங்க 1 தான் நல்ல மார்க், 4 கடைசி பாஸ். பவேரியன் ஃபார்முலான்னு சொல்லுவாங்க: அதிகபட்ச பாயின்ட்ல இருந்து உங்க சிஜிபிஏவைக் கழிங்க, அதை அதிகபட்சத்துக்கும் குறைஞ்சபட்ச பாஸ் பாயின்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால வகுங்க, 3-ஆல பெருக்குங்க, 1-ஐக் கூட்டுங்க. சிஜிபிஏ 8, அதிகபட்சம் 10, சி கிரேடு 5 தான் குறைஞ்ச பாஸ்னா 2-ஐ 5-ஆல வகுத்து, 3-ஆல பெருக்கி, 1 கூட்டினா 2.2. குறைஞ்ச பாஸ் 6-னு போட்டா 2.5 வந்துடும். 2017 ரெகுலேஷன்ல படிச்ச சீனியருக்கு பி தான் கடைசி பாஸ் கிரேடு, அதனால அவர் 6 போட்டிருப்பார், அது அவருக்கு சரி. அவரோட எக்செல் ஷீட்டை அப்படியே வாங்கி 2021 பசங்க போட்டு, 2.5-ஐ விட நல்ல கிரேடு கேக்கற கோர்ஸ் நமக்கு ஒத்துவராதுன்னு அப்ளையே பண்ணாம விட்டிருக்காங்க. உங்க கிரேடு ஷீட்டோட பின் பக்கத்தைத் திருப்பி, பாஸ் கிரேடுல கடைசி எதுன்னு பார்த்து, அந்த பாயின்ட்டைப் போடுங்க.